பனி நிலவுகளின் ஆசான் ஜெரார்ட் கைப்பர்

ஊர் அடங்கிய இரவில் வீட்டு வாசலில் நின்று நாம் வானத்தை நோக்குகின்றோம். எண்ணற்ற விண்மீன்கள் கண் சிமிட்டுகின்றன. அவற்றிடையே சிமிட்டாமல் நிலைத்த ஒளியுடன் விளங்குவன சில உள. அவையே கோள்கள். வியாழனும் சனியும் கோள்களுள் மிகப் பெரியவை. நம் பூமியை ஒரு நிலவு சுற்றி வருவதுபோல அவ்விரு கோள்களையும் பல நிலவுகள் சுற்றி வருகின்றன. அந்நிலவுகள் பலவற்றின் மேற்பரப்பு பாறைபோல் இறுகிய பனிக்கட்டியால் ஆனது.

இன்று இதனைப் பள்ளிப் பிள்ளைகளும் பாடநூலில் படிக்கின்றனர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்னரோ நிலைமை வேறாக இருந்தது. வானியல் அறிஞர்களுள் பெரும்பாலோர் தொலைதூர விண்மீன்களையே ஆராய்ந்தனர். கோள்களையும் அவற்றின் நிலவுகளையும் ஆராய்வது சிறு வேலை என்று கருதப்பட்டது. அக்காலத்தில் அந்தச் சிறு வேலையை விரும்பி மேற்கொண்டு, அதற்கென இளைஞர்களையும் பயிற்றுவித்த ஒருவரின் வரலாற்றை நாம் இங்குக் காண்போம். அவர் பெயர் ஜெரார்ட் பீட்டர் கைப்பர்.

பிறப்பும் இளமையும்

கைப்பர் 1905-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் ஹாலந்து நாட்டின் வட பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தையல் தொழில் செய்தவர். பிள்ளைகள் நால்வருள் மூத்தவர் கைப்பர். வறுமை வாட்டிய குடும்பம் என்று கூற இயலாவிடினும் செல்வக் குடும்பம் அன்று. ஊசியும் நூலும் கொண்டு உழைத்தே அத்தந்தை தம் மக்களை வளர்த்தார்.

சிறுவன் கைப்பருக்கு வானத்தின்மீது தணியாத ஆர்வம் இருந்தது. அதனைக் கண்ட தந்தையாரும் பாட்டனாரும் அவனுக்கு ஒரு சிறிய தொலைநோக்கியை வாங்கிக் கொடுத்தனர். அக்குடும்பத்திற்கு அது சிறிய செலவாக இருந்திருக்க முடியாது. ஆயினும் பிள்ளையின் அறிவுப் பசியை அவர்கள் வீண் ஆசை என்று ஒதுக்கிவிடவில்லை.

கைப்பரின் கண்பார்வை வியக்கத்தக்கது. நாம் கார்த்திகை என்று அழைக்கும் விண்மீன் கூட்டத்தில் சாதாரணக் கண்களுக்கு ஆறு அல்லது ஏழு மீன்களே தெரியும். கைப்பர் ஒரு குளிர்காலம் முழுவதும் அக்கூட்டத்தை வெறுங்கண்ணால் நோக்கி, தம் கண்ணுக்குத் தெரிந்த விண்மீன்களையெல்லாம் தாளில் வரைந்து வந்தார். பிறர் காணும் மிக மங்கிய விண்மீனைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு மங்கியதையும் அவரால் காண முடிந்தது என்பது அவ்வரைபடங்களால் விளங்கிற்று. கண் அவருக்கு இயற்கை தந்த கொடை. கண்டதைப் பொறுமையுடன் பதிவு செய்தது அவரே பழகிக்கொண்ட வழக்கம்.

தொடக்கப் பள்ளியில் அவர் மிகச் சிறந்த மாணவராக விளங்கினார். எனினும் அச்சிற்றூரில் மேற்கல்விக்கு வழியில்லை. ஆகவே அவர் ஹார்லம் என்னும் நகருக்குச் சென்று, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிலையத்தில் சேர்ந்தார். தையற்காரர் மகனுக்கு அன்று திறந்திருந்த கதவு அதுவே. அவர் அவ்வழியிலேயே சென்றிருந்தால் ஏதேனும் ஒரு சிற்றூரில் நல்லாசிரியராக வாழ்ந்திருப்பார். அதுவும் பெருமைக்குரிய வாழ்வே. ஆயினும் அவர் மனம் வானியலையே நாடிற்று. பல்கலைக்கழகத்தில் நுழைவதற்கெனக் கடினமான சிறப்புத் தேர்வு ஒன்று இருந்தது. அதனை எழுதித் தேறி, 1924-ஆம் ஆண்டு புகழ்பெற்ற லைடன் பல்கலைக்கழகத்தில் மாணவரானார்.

சுமத்திராவுக்கு வந்த மாணவர்

லைடனில் பயின்ற காலத்தில் நம் நாட்டுக்கு மிக அருகில் வரும் வாய்ப்பு அவருக்குக் கிட்டிற்று. 1929-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. மலாக்கா நீரிணைக்கு அப்பாலுள்ள சுமத்திராத் தீவிலிருந்து அதனை ஆராய ஹாலந்து நாட்டினர் ஒரு குழுவை அனுப்பினர். இளைஞர் கைப்பரும் அக்குழுவில் இடம்பெற்றார். அதே கிரகணத்தின் நிழல் நீரிணையைக் கடந்து நமது கெடா மாநிலத்தின்மீதும் விழுந்தது என்பதை அறியும்போது நமக்கு வியப்பு உண்டாகின்றது.

1933-ஆம் ஆண்டு, ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களைப் பற்றி ஆராய்ந்து அவர் முனைவர் பட்டம் பெற்றார். அவருக்கு வழிகாட்டியவர் ஹெர்ட்ஸ்பிரங் என்னும் பேரறிஞர். பின்னர் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள லிக் வானாய்வுக்கூடத்தில் ஈராண்டுகள் பணியாற்றினார். அடுத்து ஜாவாத் தீவின் லெம்பாங் நகரிலுள்ள வானாய்வுக்கூடத்திற்குச் செல்ல எண்ணியிருந்தார். அதற்குள் யெர்க்கிஸ் வானாய்வுக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. 1936-ஆம் ஆண்டு திருமணம் புரிந்துகொண்டு அங்குப் பணியில் அமர்ந்தார். மறு ஆண்டு அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார்.

யெர்க்கிஸ் வானாய்வுக்கூடம் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கைப்பர் சேர்ந்த அதே காலத்தில் அங்கு மற்றோர் இளைஞரும் பணியேற்றார். அவரே பிற்காலத்தில், 1983-ஆம் ஆண்டு, நோபல் பரிசு பெற்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர். ஒருவர் விண்மீன்களின் இயல்பைக் கணக்கால் ஆராய்ந்தார். மற்றவர் தொலைநோக்கியின் வழியே வானத்தைத் துருவினார்.

டைட்டனின் காற்று

சனிக் கோளின் நிலவுகளுள் மிகப் பெரியது டைட்டன். அது புதன் கோளைவிடவும் பெரியது. 1655-ஆம் ஆண்டு அதனைக் கண்டறிந்தவர் ஹாலந்து நாட்டின் மற்றோர் அறிஞரான ஹைகன்ஸ். அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக டைட்டன் ஓர் ஒளிப்புள்ளியாகவே அறியப்பட்டிருந்தது.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கைப்பரும் போர்க்கால ஆராய்ச்சிப் பணியில் ஈடுபட்டிருந்தார். 1943-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் சிறிது விடுப்புக் கிடைத்தது. அவ்விடுப்பில் அவர் ஓய்வெடுக்கவில்லை. டெக்சஸ் மாநிலத்தின் மலைமீதுள்ள மெக்டொனால்டு வானாய்வுக்கூடத்திற்குச் சென்றார். 82 அங்குல ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கி அங்கு இருந்தது. அதனைக் கொண்டு கோள்களின் பத்துப் பெரிய நிலவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்.

அவர் கையாண்ட முறையை நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மழைத்துளியில் புகும் சூரிய ஒளி வானவில்லாகப் பிரிவதை நாம் கண்டிருக்கின்றோம். அதுபோலவே தொலைநோக்கியில் வந்து சேரும் ஒளியைக் கருவி ஒன்றினால் நிறங்களாகப் பிரிக்கலாம். ஒரு வாயுவின் ஊடே ஒளி செல்லும்போது அவ்வாயு சில நிறங்களை விழுங்கிவிடும். அந்த இடங்களில் கருங்கோடுகள் தோன்றும். வாயுக்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய கோடுகள் வேறு வேறு. கைரேகையைக் கொண்டு ஆளை அறிவதுபோல, கோடுகளைக் கொண்டு வாயுவை அறியலாம்.

டைட்டனின் ஒளியில் மீத்தேன் வாயுவின் கோடுகளைக் கைப்பர் கண்டார். 1944-ஆம் ஆண்டு அதனை வெளியிட்டார். ஒரு நிலவைச் சுற்றிலும் காற்று மண்டலம் உண்டு என்பது அன்றுதான் முதன்முதலாக உறுதிப்பட்டது. நூறு கோடிக் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஒரு நிலவின் காற்றை, தரையை விட்டு எழாமலேயே ஒரு மனிதர் அறிந்துகொண்டார்.

1945-ஆம் ஆண்டு போர் முடிவுறும் தறுவாயில் அவர் ஐரோப்பாவிற்கு அனுப்பப்பட்டார். அப்போது ஜெர்மனியில் முதிய இயற்பியல் அறிஞர் மாக்ஸ் பிளாங்க் படைகள் நெருங்கிய பகுதியில் சிக்கியிருந்தார். அவருக்கு வயது 87. கைப்பர் ஜீப் வண்டியில் விரைந்து சென்று அவரைப் பாதுகாப்பான நகரம் கொண்டு சேர்த்தார்.

பனிக்கட்டியைத் தேடி

போருக்குப் பின் கைப்பரின் உழைப்பு மேலும் பெருகிற்று. 1947-ஆம் ஆண்டு செவ்வாய்க் கோளின் காற்றில் கரியமில வாயு இருப்பதைக் கண்டார். 1948-ஆம் ஆண்டு யுரேனஸ் கோளின் நிலவாகிய மிராண்டாவையும், 1949-ஆம் ஆண்டு நெப்டியூன் கோளின் நிலவாகிய நெரீடையும் கண்டறிந்தார்.

போர்க்காலத்தில் ஈய சல்பைடைக் கொண்டு ஒரு புதிய கருவி செய்யப்பட்டிருந்தது. நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களை அது உணரும். போருக்கென ஆக்கிய அக்கருவியைக் கைப்பர் வானை நோக்கித் திருப்பினார். பனிக்கட்டி நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றினும் அகச்சிவப்புக் கதிர்களில் சிலவற்றை விழுங்கிவிடும் தன்மையது. சனியின் வளையங்களில் அந்த அடையாளத்தைக் கைப்பர் கண்டார். வியாழனின் நிலவுகளாகிய யூரோப்பாவிலும் கேனிமீடிலும் நீர்ப்பனி இருக்கலாம் என்று 1957-ஆம் ஆண்டு தெரிவித்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, மேலும் நுட்பமான கருவிகளுடன் ஆராய்ந்த இளைய அறிஞர்கள் அது மெய்யே என்று நிலைநாட்டினர்.

மாணாக்கர்க்கு ஓர் இல்லம்

கோள்கள் நிறைய உள்ளன. நிலவுகள் அதனினும் மிகுதி. ஆராய்வோரோ மிகச் சிலர். ஒருவர் ஆயுட்காலத்தில் முடியும் வேலை அன்று அது என்பதைக் கைப்பர் உணர்ந்தார். மேலும் ஓர் இடர் இருந்தது. வானியல் மாணவர்க்கு நிலவியல் தெரியாது; நிலவியல் மாணவர் பூமியை விட்டு மேலே நோக்குவதில்லை. பனியும் பாறையும் காற்றும் கலந்த நிலவுகளை ஆராய வேண்டுமானால் இரண்டும் தெரிந்த இளைஞர்கள் வேண்டும். அத்தகையோரைப் பயிற்றும் இடமோ அன்று இல்லை.

ஆகவே 1960-ஆம் ஆண்டு, தமது 54-ஆம் வயதில், பழகிய இடத்தை விட்டுச் சிறு குழுவினருடன் அரிசோனா பல்கலைக்கழகத்திற்குப் பெயர்ந்தார். அங்குச் சந்திரனையும் கோள்களையும் ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். வானியலார், நிலவியலார், நிலப்படம் வரைவோர், நிழற்படக்காரர் ஆகிய பல துறையினரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர். மாணவர்களும் அவர்களோடு சேர்ந்தே வேலை செய்தனர்.

புதிதாக நிரைக்கு வரும் ஒருவருக்கு மரம் வெட்டும் தொழிலை நூலைக் காட்டிக் கற்பிப்பதில்லை. பழகிய தொழிலாளி அருகில் நின்று, கத்தி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று காட்டித் தருகின்றார். கைப்பரின் பயிற்சியும் அத்தகையதே. மாணவர்களைத் தொலைநோக்கியின் அருகிலேயே நிறுத்தினார். 1956-ஆம் ஆண்டு கோடையில், செவ்வாய் பூமியை நெருங்கி வந்த சமயத்தில், கார்ல் சேகன் என்னும் மாணவரை மெக்டொனால்டு வானாய்வுக்கூடத்திற்கு வரவழைத்து உடனிருந்து ஆராயச் செய்தார். டேல் குருக்சாங்க் கல்லூரி மாணவராக இருந்தபோதே கோடைக்கால உதவியாளராக அவரிடம் வந்து சேர்ந்தவர்.

வில்லியம் ஹார்ட்மன் என்னும் மாணவரின் கதை சுவையானது. சந்திரனின் ஓரப் பகுதிகள் நமக்குச் சாய்வாகவே தெரிகின்றன. அவற்றை நேராகக் காண்பதற்குக் கைப்பரின் ஆய்வுக்கூடத்தில் ஓர் எளிய வழியைக் கையாண்டனர். வெண்ணிற உருண்டை ஒன்றின்மீது சந்திரனின் நிழற்படத்தை ஒளிவீச்சால் விழச் செய்தனர். பிறகு அவ்வுருண்டையின் பக்கவாட்டில் சென்று நின்று நோக்கினர். அவ்வாறு நோக்கிய ஹார்ட்மன், அம்பு எய்யும் இலக்குப் பலகைபோல வளையத்திற்குள் வளையமாக அமைந்த மாபெரும் பள்ளம் ஒன்றைக் கண்டார். அதன் குறுக்களவு ஏறத்தாழ 900 கிலோமீட்டர். அதுவரை எவரும் அதன் முழு வடிவத்தை உணர்ந்ததில்லை. 1962-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியரின் பெயரோடு அம்மாணவரின் பெயரும் இடம்பெற்றது.

கைப்பர் எளிதில் நிறைவு கொள்ளும் ஆசான் அல்லர். இரவு பகல் பாராது உழைத்தவர். பிறரிடமும் அதே உழைப்பை எதிர்பார்த்தவர். அவருடன் கருத்து மாறுபட்ட அறிஞர்களும் உண்டு. அவர் கணிப்புகள் சில பிழையாகவும் போயின. நெப்டியூனுக்கு அப்பால் ஒரு காலத்தில் பனிப் பொருள்களின் கூட்டம் இருந்திருக்கும் என்றும், அது நெடுங்காலத்திற்கு முன்பே சிதறிப்போயிருக்கும் என்றும் 1951-ஆம் ஆண்டு எழுதினார். 1992-ஆம் ஆண்டு முதல் அறிஞர்கள் அங்கு அத்தகைய பொருள்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தனர். அவை சிதறி மறைந்துவிடவில்லை. ஆயினும் அக்கூட்டம் கைப்பர் வளையம் என்றே அழைக்கப்படுகின்றது.

கைநழுவிய மலை

தொலைநோக்கிகளை நிறுவச் சிறந்த இடங்களைத் தேடுவதிலும் கைப்பர் பெருமுயற்சி கொண்டார். ஹவாய்த் தீவிலுள்ள மௌனா கியா மலை ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரமுடையது. மேகங்களுக்கு மேலே நிற்கும் அதன் உச்சியில் காற்று தெளிவாகவும் வறண்டும் இருக்கும் என்று அவர் கருதினார். 1964-ஆம் ஆண்டு அவர் முயற்சியால் உச்சிக்குப் பாதை வெட்டப்பட்டது. சிறு தொலைநோக்கி ஒன்றை வைத்துச் சோதித்தபோது அவர் எண்ணியது சரியென்று தெரிந்தது.

ஆனால் அங்குப் பெரிய தொலைநோக்கி அமைக்கும் பொறுப்பும் பொருளும் அவருக்குக் கிட்டவில்லை. அவை ஹவாய்ப் பல்கலைக்கழகத்திற்கு அளிக்கப்பட்டன. தாம் கண்டறிந்த மலை தம் கையைவிட்டுப் போனதை எண்ணி அவர் மிகவும் மனம் வருந்தினார். எனினும் அவர் பணி நிற்கவில்லை. அரிசோனாவின் மலையில் 61 அங்குலத் தொலைநோக்கியை நிறுவினார். சந்திரனை நோக்கிச் சென்ற ரேஞ்சர் விண்கலங்களின் படங்களை ஆராயும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். விமானத்தில் கருவிகளை ஏற்றி, மேலே பறந்தவாறு வானை ஆராயும் முறையையும் வளர்த்தார்.

மௌனா கியாவின் கதை அத்துடன் முடியவில்லை. 1970-ஆம் ஆண்டு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பணியேற்றவர் வேறு யாருமல்லர். கோடைக்கால உதவியாளராக வந்த அதே குருக்சாங்க். ஆசானுக்குக் கைநழுவிய மலையில் மாணவர் ஆராய்ச்சி செய்தார். சென்ற பாதையோ ஆசான் வெட்டுவித்தது.

மறைவும் நிலைத்த பயனும்

1973-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் பிற்பகுதியில், மெக்சிகோ நகருக்குச் சென்றிருந்த கைப்பர் மாரடைப்பால் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 68. மறு ஆண்டு மரினர் 10 விண்கலம் புதன் கோளை நெருங்கியபோது தென்பட்ட பள்ளம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பறக்கும் வானாய்வுக்கூடமாக அமைக்கப்பட்ட பெரிய விமானத்திற்கும் 1975-ஆம் ஆண்டு அவர் பெயரே இடப்பட்டது. 1977-ஆம் ஆண்டு அவ்விமானத்திலிருந்தே யுரேனஸ் கோளின் வளையங்கள் கண்டறியப்பட்டன.

அவருடைய மாணாக்கர் என்ன ஆயினர்? சேகன் உலகெங்கும் மக்களுக்கு வானியலை எளிமையாக விளக்கிய அறிஞராகப் புகழ் பெற்றார். குருக்சாங்க் 1976-ஆம் ஆண்டு, நண்பர்கள் இருவருடன் சேர்ந்து, புளூட்டோவின்மீது மீத்தேன் பனி இருப்பதைக் கண்டார். டோபியாஸ் ஓவன் என்னும் மாணவர் சனிக்கு அனுப்பப்பட்ட காசினி-ஹைகன்ஸ் விண்கலத் திட்டத்தை உருவாக்க முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவரானார்.

அவ்விண்கலம் 1997-ஆம் ஆண்டு புறப்பட்டு 2004-ஆம் ஆண்டு சனியை அடைந்தது. 2005-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஹைகன்ஸ் என்னும் சிறு கலம் குடை மிதவையில் தொங்கியவாறு டைட்டனின் காற்றினூடே இறங்கிற்று. 61 ஆண்டுகளுக்கு முன் கைப்பர் தொலைவிலிருந்து அறிந்த அதே காற்று அது. தரையில் அமர்ந்த கலம் படம் எடுத்து அனுப்பியது. ஆற்றங்கரைக் கூழாங்கற்கள் போல உருண்டு திரண்ட பனிக்கட்டிகள் அப்படத்தில் காணப்பட்டன. அப்படத்தை எடுத்த கருவியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியது எந்த ஆய்வுக்கூடம் தெரியுமா? அரிசோனாவில் கைப்பர் நிறுவிய ஆய்வுக்கூடமே. ஆசான் மறைந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வளர்த்த கல்விக்கூடத்தின் கண்கள் டைட்டனின் தரையைக் கண்டன.

இப்பணி தொடர்கின்றது. வியாழனின் பனி நிலவுகளை ஆராய 2023-ஆம் ஆண்டு ஜூஸ் விண்கலமும், 2024-ஆம் ஆண்டு யூரோப்பா கிளிப்பர் விண்கலமும் ஏவப்பட்டன. அவை போய்ச் சேரவே பல ஆண்டுகள் ஆகும். கலத்தை ஆக்கியவர் பலர் முதுமை அடைந்திருப்பர். அது அனுப்பும் செய்திகளைப் படிக்கப் போகின்றவர்களுள் சிலர் இன்று பள்ளியில் பயிலும் பிள்ளைகளே.

மாணவச் செல்வங்களே! கைப்பருக்கு முதலில் கிடைத்தது விலையுயர்ந்த கருவி அன்று. ஒரு சிறு தொலைநோக்கியும் ஒரு தாளும் எழுதுகோலுமே. கண்டதை நாள்தோறும் பொறுமையாகக் குறித்து வையுங்கள். பெற்றோர்களே! உங்கள் பிள்ளை விடாது ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்குமாயின், அதனைத் தொல்லை என்று தள்ளிவிடாதீர்கள். சிற்றூர்த் தையற்காரர் ஒருவர் தம் மகனுக்கு வாங்கிக் கொடுத்த சிறு தொலைநோக்கியை நாம் நினைவில் கொள்வோமாக.